ஒரு நம்பர் பெரிசு

அந்த வளைவில் பட்டாணி பிரேக்கைத்தான் மிதித்தாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கார் நிற்கிற மாதிரி முதலில் தயங்கி, பிறகு மனசு மாறிய மாதிரி உறுமிக்கொண்டு நேரே ஓடி, ஓரத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் கட்டுகளுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நின்றது. அடி ஒன்றும் படவில்லை. ஹெல்மெட்டுக்குள் மட்டும் எப்படியோ இரண்டு மூன்று துரும்பு புகுந்துவிட்டிருந்தது.

ஓடிவந்தவர்களில் முதல் ஆள் மெக்கானிக். அவனும் பட்டாணியும் ஒரே ரொட்டிக் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். அவள் ரொட்டி வண்டி ஓட்டுகிறாள். அவன் அந்த வண்டிகளைப் பழுது பார்க்கிறான். இந்தப் பழைய சின்னக் காரை இருவரும் பாதிப் பாதி போட்டு வாங்கி, ஓட்டுகிறவர் சீட்டைத் தவிர மற்ற சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டு, கவிழ்ந்தால் நசுங்காமலிருக்க இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் அதற்கே கொடுத்துப் பந்தயத்துக்குத் தயார் செய்திருந்தார்கள். அதனால் அவன் முதலில் காரைச் சுற்றிப் பார்த்தான். அதற்கப்புறம்தான் அவளுக்கு ஏதாவது ஆயிற்றா என்று கேட்டான்.

இரண்டாவது ஆள் அக்கா. கையில் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தவள், வந்த வேகத்தில் தானே அதைக் குடித்துவிட்டாள்.

மூன்றாவதாக நிதானமாக நடந்து வந்தவர் விசில்காரர். மைதானத்தின் பாதுகாப்பு முழுக்க அவர் பொறுப்பு. வார நாட்களில் நீச்சல் குளத்தில் பயிற்சி கொடுக்கிறவர்; கழுத்தில் தொங்கும் விசிலை இங்கே வரும்போதும் கழற்றுவதில்லை. கார் யாருடையது, எவ்வளவு விலை, ஓட்டுகிறவர் யார் வீட்டுப் பிள்ளை என்பதெல்லாம் அவர் காதில் ஏறாது. சரியில்லை என்றால் சரியில்லை.

மெக்கானிக் பெடலை அமுக்கிக் காட்டினான். பிரேக் கல்லு மாதிரி இருந்தது. ஆக்ஸிலேட்டர் விட்டதும் துள்ளி மேலே வந்தது. கார் மேல் குற்றம் இல்லை என்றானதும் விசில்காரரின் பார்வை மெதுவாகப் பட்டாணியின் கால் பக்கம் இறங்கியது.

"ஷூவைக் கழட்டுங்கம்மா."

அது தடித்த அடிப்பாகம் வைத்த விளையாட்டு ஷூ. அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். வலது ஷூவின் வெளி ஓரம் புடைத்துக்கொண்டு நின்றது. அந்த ஓரத்தில் மட்டும் ரப்பர் தேய்ந்து பளபளத்தது. அந்தக் கால் பிரேக்கை மிதிக்கிறபோதெல்லாம் இந்த ஓரம் பக்கத்து ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து மிதித்திருக்கிறது. இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் ஷூவைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, அதன் நுனியிலிருந்து ஒரு உருண்டை தரையில் விழுந்தது.

"இது என்ன?"

"பஞ்சு சார்."

"பஞ்சுன்னு தெரியுது. ஷூவுக்குள்ள ஏன் இருக்கு?"

"ஷூ கொஞ்சம் பெரிசு சார். அதான்."

"அப்ப சின்னதா வாங்கலாமே?"

பட்டாணிக்கு வயது முப்பத்தாறு. இந்தக் கேள்வியை அதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா வைக்கோலைப் பார்த்தாள்.

விசில்காரர் தீர்ப்பை அங்கேயே சொல்லிவிட்டார். பந்தயத்துக்கு முந்தின ஞாயிறு இன்னொரு பயிற்சி உண்டு. அன்றைக்குச் சரியான பந்தய ஷூ போட்டுக்கொண்டு வந்து, பத்துச் சுற்று, ஒரு வளைவிலும் பெடல் குழப்பம் இல்லாமல் ஓட்டிக் காட்டவேண்டும். காட்டினால் பந்தயத்தில் பெயர் இருக்கும். இல்லையென்றால் இந்த வருஷம் முழுக்கப் பார்வையாளர் வரிசைதான்.

ஒரு வருஷத்து ஞாயிறுகள் மெக்கானிக்கின் முகத்தில் வரிசையாகப் போயின.

*

அந்தப் பஞ்சு உருண்டை ஒரு நாளில் அங்கே வந்து உட்கார்ந்ததில்லை.

பட்டாணி வீட்டில் கடைக்குட்டி. பிறந்தபோதே உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அப்பா இரண்டு பெண்களையும் கடைக்குக் கூட்டிப் போவார். கடைக்காரர் காலை அளந்து ஒரு நம்பர் சொல்வார். அப்பா அதற்கு அடுத்த நம்பரை எடுக்கச் சொல்வார். "வளர்ற காலு" என்பது அவர் சொல்லும் ஒரே காரணம். அக்கா அந்த ஷூவை இரண்டு வருஷம் போட்டு முடிப்பாள். பிறகு அது பட்டாணிக்கு வரும், அப்போதும் பெரிசாகவே. அம்மா பீரோவின் கீழ்த்தட்டில் இதற்கென்றே பஞ்சு வைத்திருந்தாள். இப்படி ஷூவின் முன்பக்கத்தைத் தன் கால்விரல் ஒருநாளும் தொடாமலே பட்டாணி வளர்ந்துவிட்டாள்.

அதைவிட வேடிக்கை, வேலைக்குப் போய்த் தன் சம்பளத்தில் வாங்கியபோதும் அவள் அதையேதான் செய்தாள். கடையில் நம்பர் கேட்டால் வாய் தானாக ஒன்று கூட்டிச் சொல்லிவிடும். யாராவது சரியான அளவைக் கொண்டுவந்து மாட்டினால், "இறுக்குது" என்று உடனே கழற்றிவிடுவாள்.

மற்றபடி அவள் கணக்கில் பிசகு வருவது அபூர்வம். ரொட்டிக் கம்பெனியில் முதலில் பொட்டலம் கட்டுகிற மேசையில்தான் சேர்ந்தாள். ஒருநாள் ஓட்டுநர் ஒருவர் வயிற்று வலி என்று படுத்துவிட, லைசென்ஸ் இருக்கிறவர் யார் என்று மேலாளர் கேட்டார். பட்டாணி கையைத் தூக்கினாள். முதுகுக்கு ஒரு மெத்தை, அடியில் ஒரு மெத்தை வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தாள். ஆள் இல்லாமல் வண்டி தானாகப் போகிறது என்று சுமை ஏற்றுகிறவர்கள் கேலி செய்தார்கள். அன்றைக்குப் போன ரொட்டிகள் ஒரு மூலை நசுங்காமல் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்தன. அதற்குப் பிறகு அவள் பொட்டலம் கட்டவே இல்லை.

பந்தய மைதானத்தை ஒருமுறை பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். அவள் கணவர், மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவர், வேடிக்கைதானே என்று கூட்டிப் போனார். ஒரு சுற்று முடிந்து இறங்கியபோது அவள் முகத்தைப் பார்த்தார். "சரி, வீட்டுக்குப் போறப்ப நான் ஓட்டுறேன், நீ இந்த மூஞ்சியோட ரோட்டுல ஓட்டாதே" என்றார். அடுத்த வாரம் அவள் கிளப்பில் சேர்ந்தாள். வேகமாகப் போவதைவிட, வளைவுக்கு முன்னால் எங்கே பிரேக் போட வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் அவளுக்கு ருசி. நசுங்காத ரொட்டியும் சரியாக எடுத்த வளைவும் அவளுக்கு ஒரே ஜாதி.

*

சரியான ஷூ வேண்டும் என்றதும் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அக்கா வேலை செய்வது பயணப்பெட்டி தயாரிக்கிற இடத்தில். பெட்டி மூடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்து அனுப்புகிற மேசை அவளுடையது. கண்ணில் ஒரு நூல் பிசிறு தப்பாது. பாதுகாப்பு என்றால் இதுதான் என்று சொல்லித் தன் கம்பெனி பூட்ஸைக் கொண்டுவந்து வைத்தாள். முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்தது. பட்டாணி அதைப் போட்டுக்கொண்டு ரொட்டி வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தாள். மிதித்தோமா இல்லையா என்று வண்டி நின்றதை வைத்துத்தான் தெரிந்தது.

கணவர் வீட்டுக்குள் போடுகிற மெல்லிய துணி ஷூவைக் கொடுத்தார். அதில் பெடலின் வரிகூடக் காலுக்குத் தெரிந்தது. ஆனால் கிளச்சிலிருந்து காலை எடுத்தால் ஷூ கிளச்சோடு தங்கிவிட்டது. தீ பிடித்தால் அது தாங்குமா என்று அக்கா கேட்டதற்கு, அடுப்பு வேலைக்கே அதைப் போடுவதில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.

கடைசியில் அக்காவும் தங்கையுமாகப் பந்தயச் சாமான் விற்கிற கடைக்குப் போனார்கள். வேலை முடிந்த சாயங்காலம். அதுவும் நல்லதுக்குத்தான், நாள் முழுக்க நடந்த கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அப்போது அளந்தால்தான் அளவு நிஜம் என்று கடைக்கார அம்மாள் சொன்னார். கடையின் நடுவில் ஒரு பலகையில் பழைய சீட்டும் மூன்று பெடலும் திருகி வைத்திருந்தார்கள். இங்கே யாரும் நின்றுகொண்டு ஷூ போட்டுப் பார்ப்பதில்லை. உட்கார்ந்து, காலை நீட்டி, மிதித்துப் பார்க்கவேண்டும்.

கடைக்கார அம்மாள் ஒன்றை எடுத்துப் பிரித்துக் காட்டினார். வெளியே மென்மையான தோல். உள்ளே தீயில் எளிதில் பற்றாத துணி. கணுக்கால் எலும்பை மூடுகிற உயரம். ரப்பர் அடி ஒரு பிஸ்கட் கனம்கூட இல்லை. குதிகால் சதுரமாக இல்லாமல் உருண்டு மேலேறியது, காலைத் தூக்காமலே ஒரு பெடலிலிருந்து இன்னொன்றுக்கு உருட்டுவதற்கு. கயிற்றின் மேல் ஒரு பட்டை, கயிறு அவிழ்ந்து பெடலில் சுற்றிக்கொள்ளாமல் இருக்க. தீ பிடித்தால் இது அணைக்காது. பெல்ட்டைக் கழற்றி வெளியே குதிக்கிற வரைக்கும் காலைக் காப்பாற்றும், அவ்வளவுதான் என்றார். நைலான் சாக்ஸ் போடவே கூடாது, சூட்டில் உருகிக் காலோடு ஒட்டிக்கொள்ளும், அதற்கென்று தனிச் சாக்ஸ் இருக்கிறது என்றும் சொன்னார். அக்கா எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். தையலில் குறை கண்டுபிடிக்க முடியாதது அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

காலை அளந்தார்கள். நாலாம் நம்பர். தன் கால் ஐந்து என்று நினைத்து, அதில் ஒன்று கூட்டி, பட்டாணி அதுவரை போட்டுக்கொண்டிருந்தது ஆறு.

நாலைப் போட்டுப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் யாரோ கையால் பிடித்த மாதிரி இருந்தது. முகம் சுளித்தாள்.

"இறுக்குதுங்க."

"விரல் மடங்குதா? எங்கயாவது வலிக்குதா?"

"வலிக்கல. ஆனா இறுக்குது."

"ஓட்டுறப்ப கால் உள்ள நகரக் கூடாதும்மா. இது அப்படித்தான் இருக்கணும்."

பட்டாணி அக்காவைப் பார்த்தாள். அக்கா ஐந்தாம் நம்பரை எடுத்துக் கொடுத்தாள். அதைப் போட்டதும் பட்டாணிக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. தாராளமாக இருக்கிறது என்றாள் அக்கா. சாக்ஸ் வேறு போடவேண்டுமே என்றாள் பட்டாணி. கடைக்கார அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அடி அழுக்காகாமல் கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொல்லி ஐந்தையே கட்டிக் கொடுத்தார்.

ஆறிலிருந்து ஐந்துக்கு இறங்கியதே பெரிய தியாகம் என்கிற நினைப்போடு பட்டாணி வீடு வந்து சேர்ந்தாள்.

*

மறுநாள் மெக்கானிக்கின் கொட்டகையில் காரை வைத்துப் பரீட்சை. இதில் அக்காவின் யோசனை ஒன்று வேலை செய்தது. பெட்டி மூடி எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. விளிம்பில் சாக்கட்டியைத் தேய்த்து, மூடித் திறந்தால், உரசுகிற இடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கும். அவள் தினமும் செய்கிற வேலை. அதேபோல ஆக்ஸிலேட்டரின் ஓரம் முழுக்கச் சாக்கட்டி தேய்த்தாள். பட்டாணி புது ஷூவோடு சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, வளைவு வருவதாக நினைத்துப் பிரேக்கை மட்டும் மிதிக்கவேண்டும். பிறகு காலை வெளியே நீட்ட வேண்டும்.

நீட்டினாள். வலது ஷூவின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு கோடு.

அக்கா துடைத்தாள். மறுபடி சாக்கட்டி தேய்த்தாள். மறுபடி மிதித்தாள் பட்டாணி. மறுபடி கோடு. இந்தத் தடவை இன்னும் நீளம்.

"பெடலை ரெண்டையும் தள்ளி வைக்க முடியாதா?" என்று அக்கா மெக்கானிக்கிடம் கேட்டாள்.

"பெடல் இருக்கிற இடத்துலதான்க்கா இருக்கும். பந்தய விதி. அதை நான் தொட்டேன்னா விசில்காரர் என்னையும் சேர்த்து வெளிய அனுப்பிடுவார்."

சீட்டு உயரமோ, குதிகாலை வைக்கிற இடம் தப்போ என்று அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போனாள். ஷூவைத் தவிர எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள். பட்டாணி பேசாமல் ஷூவின் நுனியை அமுக்கிப் பார்த்தாள். கட்டைவிரல் நகம் முழுக்க உள்ளே இறங்கியது. காலை அசைத்தாள். ஷூ அப்படியே இருக்க, உள்ளே குதிகால் மட்டும் வழுக்கித் திரும்பியது. அவள் நேராக மிதித்தாலும் ஷூவின் முன்பக்கம் தன் இஷ்டத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டு வருகிறது.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. அப்புறம் கூண்டுக் குழாயைப் பிடித்துக்கொள்கிற அளவுக்கு.

"என்னடி?"

"அக்கா, என் காலு வளர்றது நின்னு இருபது வருஷம் ஆச்சு."

அக்கா சாக்கட்டியோடு அப்படியே நின்றாள். அப்புறம் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவள் போட்டிருந்த செருப்பில் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் அளவு இடம் சும்மா கிடந்தது. அக்காவுக்கு நாற்பத்திரண்டு வயது.

"நம்ம ரெண்டு பேருக்குமே யாரும் சொல்லலையேடி" என்றாள்.

மெக்கானிக் அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தான்.

ஓரத்தில் ஒட்டியிருந்த சாக்கட்டித் தூளைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டி, ஈரத் துணியால் துடைத்து, காயவைத்து, பெட்டியில் அதே தாளில் சுற்றி அக்காதான் எடுத்து வைத்தாள். கடைக்கார அம்மாள் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நாலாம் நம்பர் மேசை மேலேயே இருந்தது. அதைப் போட்டதும் பட்டாணி மறுபடி முகம் சுளித்தாள். ஆனால் இந்தத் தடவை கழற்றவில்லை. கடை மூடுகிற நேரம் வரைக்கும் உட்கார்ந்து மிதித்துக்கொண்டே இருந்தாள். கொட்டகையில் திரும்பவும் சாக்கட்டிப் பரீட்சை நடந்தது. காலை நீட்டினாள். கறுப்புத் தோல் கறுப்பாகவே இருந்தது.

இருந்தாலும் புது ஷூவை நம்பி நேராக மைதானத்தில் இறங்க அவளுக்கு மனசில்லை. மிச்சம் இருந்த நாட்களில் சாயங்காலம் டிவி முன்னால் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். குதிகாலைத் தரையில் ஊன்றி, நுனியை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உருட்டினாள். தோல் இளகிக் காலோடு பேச ஆரம்பித்தது. கணவர் செய்தி பார்த்துக்கொண்டே, முன்னால் வளைவு வருகிறதா என்று அவ்வப்போது கேட்டார்.

*

பயிற்சி நாள் காலையில் மழை விட்டிருந்தது. கார்கள் நிற்கிற இடம் முழுக்கச் சேறும் எண்ணெயும். ஷூவின் அடியில் ஒரு சொட்டு எண்ணெய் இருந்தாலும் பெடலில் வழுக்கும். பட்டாணி வழக்கமான பழைய ஷூவில் வந்து, காரில் உட்கார்ந்து மாற்றிக்கொள்வதாக இருந்தாள். அக்கா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாற்றுகிறபோது கால் தரையில் படாது என்று என்ன நிச்சயம் என்று கேட்டு, பெரிய ரொட்டிப் பைகள் இரண்டைப் புது ஷூவின் மேலேயே மாட்டி ரப்பர் வளையம் போட்டுவிட்டாள். இரண்டு காலிலும் கம்பெனிப் பெயர் அச்சடித்த பையோடு பட்டாணி எல்லார் முன்னாலும் நடந்தாள். கால்கள் இன்றைக்குச் சுட்டதா நேற்றையதா என்று ஒரு ஓட்டுநர் விசாரித்தார்.

"இன்னைக்குச் சுட்டது. பின்னாடி வந்தீங்கன்னா வாசனை வரும்" என்றாள் பட்டாணி.

விசில்காரர் பையை அவிழ்க்கச் சொல்லிக் குனிந்தார். தைத்திருந்த தீத்தடுப்புச் சான்றுத் துணியைப் பார்த்தார். பட்டையை இழுத்தார். நுனியைக் கட்டைவிரலால் அமுக்கினார். பட்டாணியின் கால்விரல் அங்கேயே இருந்தது. தலையை மட்டும் அசைத்தார்.

முதல் சுற்றில் ஒரு பயம் காட்டிவிட்டது கார். தடித்த அடி வழியாக மிதித்துப் பழகிய காலல்லவா. அதே பலத்தை இந்த மெல்லிய அடியில் போட்டதும் முன்சக்கரங்கள் சுற்றாமல் பூட்டிக்கொண்டு ஈரத்தில் சறுக்கின. அவள் காலை இளக்கினாள். கார் திரும்பிக்கொண்டது. வேலியோரம் அக்கா மெக்கானிக்கின் கையைப் பிடித்தாள். அவன் கையில் நகம் பதிந்த தடம் இரண்டு நாள் இருந்தது.

இரண்டாவது சுற்றிலிருந்து பட்டாணி பாதி பலம்தான் போட்டாள். அப்போதுதான் அது நடந்தது. பிரேக் எந்த இடத்தில் பிடிக்க ஆரம்பிக்கிறது, எந்த இடத்தில் சக்கரம் இனி வேண்டாம் என்கிறது எல்லாம் உள்ளங்காலில் வந்து சொல்லிவிட்டுப் போனது. இத்தனை வருஷமாகப் பக்கத்து அறையிலிருந்து கேட்ட பேச்சு, இப்போது காதருகில் கேட்டது. வைக்கோல் கட்டுகள் இருந்த வளைவுக்கு வந்தாள். மிதித்தாள். கார் குனிந்தது, திரும்பியது, போனது. ஏழாவது சுற்றில் அவள் ஹெல்மெட்டுக்குள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். எத்தனையாவது என்று எண்ண மறந்து பதினோராவதும் ஓட்டிவிட்டாள். விசில்காரர் நிஜமாகவே விசில் ஊதித்தான் அவளை உள்ளே கூப்பிட வேண்டியிருந்தது.

இறங்கி வந்தவளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்.

"அடுத்த ஞாயிறு காலைல எட்டு மணிக்கு வரிசை. லேட்டா வந்தா கடைசில நிக்கணும்."

"ரொட்டி வண்டி ஓட்டுறவ சார். லேட்டா வந்து பழக்கமில்ல."

மெக்கானிக் காரின் முகப்பில் போய்ச் சாய்ந்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான். பிறகு சக்கரத்தில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைக்க ஆரம்பித்தான்.

பந்தயம் அன்று பதினான்கு கார்கள். பட்டாணி பதினோராவதாக வந்தாள். பின்னால் இருந்த மூன்றில் ஒன்று வழியிலேயே நின்றுபோன கார் என்பதை அக்கா இன்றுவரை யாரிடமும் சொல்வதில்லை. கடைசிச் சுற்றில் ஒரு பெரிய சிவப்புக் காரை உள்பக்கமாக, அதன் ஓட்டுநருக்குப் பிறகு பிரேக் போட்டு, அவருக்கு முன்னால் திரும்பிப் பட்டாணி கடந்தாள். அந்த ஓட்டுநரே வந்து கையைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவள் தேடியது அக்காவை. முகமெல்லாம் வேர்வை, முடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"அந்தச் சிவப்புக் காரைத் தாண்டினேனே, பாத்தியா?"

"இல்லடி."

"எங்க போயிருந்தே?"

"இங்கதான் நின்னேன். கண்ணை மூடிக்கிட்டேன்."

பட்டாணி அவளை முறைத்தாள். பிறகு ஹெல்மெட்டைத் தூக்கி அக்காவின் தலையில் கவிழ்த்தாள். அது முன்னால் சரிந்து அக்காவுக்கு மூக்கு வரைக்கும் இறங்கியது.

"இதைப் போட்டுக்கிட்டு உள்ள வந்து உக்காரு. ஒரு சுத்து கூட்டிட்டுப் போறேன். கண்ணை மூடினா இறக்கி விட்டுடுவேன்."

அக்கா ஹெல்மெட்டை நிமிர்த்திக்கொண்டு, தாடைப் பட்டையை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் காரைச் சுற்றி நடந்து வந்து, இன்னொரு சீட் எங்கே என்று கேட்டாள்.